சாணி நிறப் பவளம்

நவம்பர் 14, செவ்வாய்

இந்தப் பதிவேட்டின் முன்பக்கம் சங்கத்துக்கு. பின்பக்கம், கடைசித் தாளிலிருந்து, எனக்கு. எட்டு வருடமாக நான்தான் எழுதுகிறேன். ஒருத்தர் ஒரு தாளைப் புரட்டிப் பார்த்ததில்லை. எண்களைக் கண்டாலே கொட்டாவி விடுகிற கூட்டம்.

இன்று முன்பக்கத்தில் எழுதியது: மேசை ஐந்து, நெங்கா ராஸ்தி, ஒட்டியது இருபது, பிழைத்தது பதினொன்று. மேசை ஆறு, கோமாங் செருனி, ஒட்டியது இருபது, பிழைத்தது இருபது.

இருபதுக்கு இருபது! அதை என் கையாலேயே எழுதவேண்டிய தலையெழுத்து எனக்கு.

ராஸ்தி நான். செருனி என் ஓரகத்தி, கொழுந்தன் சுவார்த்தாவின் பெண்டாட்டி. ஒரே வளவு, ஒரே கிணறு, ஒரே குலக்கோயில். போதாததற்குக் கடலுக்கடியிலும் பக்கத்துப் பக்கத்து மேசை. பவளக் கிளையை விரல் நீளத்துக்கு வெட்டி, சிமென்ட் அடியில் ஒட்டி, எண்சீட்டுக் கட்டி, இரண்டு ஆள் ஆழத்தில் இரும்பு மேசைமேல் வைக்கிறோம். எல்லாரும் செய்வது இதுதான். அதே சிமென்ட், அதே பசை, அதே தண்ணீர். அவளுக்கு மட்டும் எப்படிப் பிடிக்கிறது?

"கைராசிதான் அக்கா, வேற என்ன?" என்று சிரிக்கிறாள்.

அப்போ என் கை என்ன கையாம்?

நவம்பர் 19, ஞாயிறு

ஹாம்பர்க்கிலிருந்து வாங்குகிறவர் வந்தார். நேராக மேசை ஆறுக்குத்தான் இறங்கினார். ஏறி வந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, "பொன்முனையை வளர்த்தது யார்?" என்று கேட்டார். அவள் பவளத்துக்கு அவர் வைத்த பெயர் அது. உடம்பு பச்சை, முனை எல்லாம் பொன். அதை வெட்டி எடுத்த துண்டுகளுக்கு அவர் ஊரில் ஆட்கள் பெயர் எழுதி வைத்துக் காத்திருக்கிறார்களாம். பாறையில் உடைத்தது வேண்டாமாம், பாவமாம், அத்தாட்சிக் காகிதமும் கேட்பார்களாம். பெண்கள் மேசையில் வளர்த்தது என்றால் பெருமையாகத் தொட்டியில் வைத்து விருந்தாளிக்குக் காட்டுவார்களாம்.

அவளை நிற்கவைத்துப் படம் எடுத்தார். வெயில் அவள் கண்ணில் அடிக்கிறது என்று குடை பிடித்தது யார்? நான். படத்தில் என் மணிக்கட்டு மட்டும் விழுந்திருக்கிறது.

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன். அந்தப் பவளம் எனக்கு வந்தது!

நாலு வருடம் முன்னால், துண்டு வெட்டி வளர்க்கத் தாய்ப்பவளம் எடுக்க அனுமதி கிடைத்த வருடம், அதிகாரி படகில் உட்கார்ந்து எண்ண எண்ண, என் வீட்டுக்காரர், இவர்தான் இறங்கினார். ஒரு காலத்தில் உளியோடு பாறையைக் கொத்தி விற்ற ஆள், இந்தக் கரையில் இவருக்குத் தெரியாத பொந்து கிடையாது. ரெண்டு எடுத்து வந்தார். ஒன்று ஊதா, கண்ணைப் பறிக்கிற ஊதா. இன்னொன்று பழுப்பு. மூத்த மருமகள் என்று என்னிடம்தான் முதலில் நீட்டினார்.

"சாணி நிறத்துல இருக்கு. இது யாருக்கு வேணும்?" என்றேன்.

ஊதாவை எடுத்துக்கொண்டேன். மூணே மாதத்தில் வெளுத்துச் செத்தது. ஆழத்தில் இருந்தது வெயிலுக்கு வந்தால் நிறம் மாறும் என்று பதிவேடு எழுதுகிற எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை. பழுப்பை அவள் சத்தமில்லாமல் வாங்கி வைத்தாள். எட்டு மாதத்தில் முனை மஞ்சளாகி, பிறகு பொன்னாகி... போதும்.

நவம்பர் 27

அவள் மடிக்கும் பூஜை ஓலைத்தட்டுகூட என்னுடையதைவிட அழகாக இருக்கிறது. சாமியும் அவளுடையதைத்தான் முதலில் எடுக்கும்போல.

டிசம்பர் 5, செவ்வாய்

இன்று ஒரு காரியம் செய்தேன். அவளும் சுவார்த்தாவும் சந்தைக்குப் போயிருந்தார்கள். கணக்கெடுப்பு என்று சொல்லிக்கொண்டு முகமூடியை மாட்டி மேசை ஆறுக்கு நீந்தினேன். அவள் பவளங்களை ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன்.

எனக்குள் ஒரு நினைப்பு: இவள் வளர்க்கவில்லை, சுவார்த்தா வெளிப்பாறையில் உடைத்துக் கொண்டுவருகிறான், இவள் சிமென்ட்டில் ஒட்டிச் சீட்டுக் கட்டுகிறாள். பக்கத்து ஊரில் அப்படி ஒரு குடும்பம் பிடிபட்டது. பாறைப் பவளம் என்றால் அடி காட்டிக்கொடுத்துவிடும். புழு குடைந்த ஓட்டை இருக்கும், ஒட்டுச் சிப்பி இருக்கும், பழைய முறிவு இருக்கும். மேசைப் பவளம் என்றால் சதை தானாக இறங்கி சிமென்ட்டைப் போர்த்திக்கொள்ளும்.

இருபத்தேழு பார்த்தேன். எல்லாம் போர்த்தியிருந்தது. ஒரு ஓட்டை இல்லை. ஒவ்வொரு சிமென்ட்டின் அடியிலும் அவள் இடது கட்டைவிரல் ரேகை. ஈரமாக இருக்கும்போதே அழுத்திவிடுவாள், குழந்தைக்கு மை வைக்கிறமாதிரி.

சுத்தமாக இருக்கிறாள், பாவி. திருடியிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

டிசம்பர் 20

சங்கத் தலைவர் முதானா அண்ணன் வந்து திண்பண்டம் தின்று, காப்பி குடித்து, மெதுவாகச் சொன்னார். கிழக்குக் கரையில் நாலு ஊர் இந்தத் தொழிலுக்கு மாறுகிறதாம், பாறை உடைப்பதை விட்டுவிட்டு. சொல்லிக்கொடுக்க இங்கிருந்து ஒருத்தரை அனுப்பவேண்டுமாம்.

நான் இடுப்புத் துணியைச் சரிசெய்துகொண்டேன். எட்டு வருடப் பதிவேடு. வேறு யார்?

"செருனியை அனுப்பலாம்னு இருக்கேன் ராஸ்தி. நீ என்ன சொல்றே?"

"நல்லது அண்ணா," என்றேன். என் வாய்தான் சொன்னது.

இவர் சோறு பிசைந்தபடி, "அந்தப் பொண்ணுக்குப் பொறுமை ஜாஸ்தி" என்றார். சம்பல் கிண்ணத்தை எட்டாத தூரத்தில் வைத்தேன். எழுந்து வந்து எடுத்துக்கொண்டார், காரணம்கூடக் கேட்காமல்.

ஜனவரி 9, செவ்வாய்

நாளை திருப்பி வைக்கும் நாள். பத்துக்கு ஒன்று கடலுக்கு, அதுதான் சட்டம். ஆரோக்கியமானதாகப் பார்த்து, எண்சீட்டை நறுக்கிவிட்டு, பாறைச் சரிவில் வைத்துவிட்டு வரவேண்டும். சீட்டு போய்விட்டால் அது யாருடையதும் இல்லை, கடலுடையது. வளர்த்தவளே போய்த் தொட்டாலும் பாறைப் பவளம் திருடிய குற்றம்தான். குடும்பத்தோடு சங்கத்தைவிட்டு வெளியே.

எது போகவேண்டும் என்று பட்டியல் போடுவது நான்.

செருனி தம்பி கல்யாணத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமைதான் வருவாள்.

நான் ஒன்றும் நினைக்கவில்லை. தேதியைத்தான் எழுதுகிறேன்.

ஜனவரி 10, புதன்

செய்துவிட்டேன்.

கூடையில் கடைசியாக வைத்தேன். பொன்முனையின் தாய். இரண்டு கை கொள்ளாத அளவு. கத்தரியால் சீட்டை நறுக்கினேன், டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இவர் காற்றுக்குழாயை இடுப்பில் கட்டிக்கொண்டே பார்த்தார். "இது தாயாச்சே?"

"பட்டியல்ல இருக்கு."

"செருனிக்குத் தெரியுமா?"

"ஆரோக்கியமானதைத்தான் வைக்கணும்னு சட்டம். தாய் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? ஆழமா வைங்க, அலை அடிக்காத இடமா. ஏழு ஆள், எட்டு ஆள்."

குழாயை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினார். பிறகு இறங்கினார்.

முன்பக்கத்தில் "கடலுக்கு" என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதினால் செருனி ஏன் என்று கேட்பாள். அதனால் மேசை ஆறு, எண் நாற்பத்தொன்று, செத்தது என்று எழுதினேன். எட்டு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய். எழுத்து கோணவே இல்லை.

ஜனவரி 13, சனி

காலையில் நனைந்த தலையோடு ஓடிவந்தாள். "அக்கா, என் தாய் எங்க?"

"வெளுத்துப்போச்சு செருனி. ரெண்டே நாள்ல. நான் என்ன செய்யட்டும்?"

"எலும்பு?"

இதை நான் எதிர்பார்த்திருந்தேன். செத்த ஊதாவின் எலும்பை அடுக்களை அலமாரியில் நாலு வருடமாக வைத்திருக்கிறேன். அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். வெள்ளை எலும்பில் ஊதா என்ன, பொன் என்ன?

கையில் வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அடியைத் தடவினாள். "சிமென்ட் இல்லையே."

"எடுக்கும்போது உடைஞ்சு விழுந்துடுச்சு."

"ஓ," என்றாள். அழவில்லை. எலும்பை என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டு, "சரிக்கா. குட்டிங்க பன்னெண்டு இருக்கே" என்று மேசையைப் பார்க்கப் போனாள்.

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

ஜனவரி 14

இவர் என்னோடு பேசவில்லை. மீன் குழம்பு நன்றாக இருந்தும்.

பிப்ரவரி 28, புதன், கலுங்கான்

பண்டிகைக்கு வாசலில் மூங்கில் வளைவு நட்டார்கள். தெருவே போய் சுவார்த்தா கட்டிய வளைவின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டது. செருனி பின்னிய தொங்கல் அதில். எங்கள் மூங்கில் காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது.

குட்டிகள் பன்னிரண்டும் உயிரோடு இருக்கின்றன. முனையில் பொன். இப்படியே போனால் அடுத்த வருடம் பன்னிரண்டு தாய்.

நான் எதற்காகத்தான் அதைச் செய்தேன்?

மார்ச் 11, நியெபி

யாரும் பேசாத, அடுப்பு மூட்டாத, வெளியே போகாத நாள். ஊர் முழுக்க அமைதி. என் தலைக்குள் மட்டும் சந்தை.

மார்ச் 27, புதன்

தண்ணீர் சுடுகிறது. முழங்கால் ஆழத்தில் நின்றால் கஞ்சிப் பானைக்குள் நிற்கிறமாதிரி. முதானா அண்ணன் தினமும் வெப்பமானியை இறக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார்.

ஏப்ரல் 8, திங்கள்

மேசை இரண்டு வெளுக்கிறது. மூன்றும். என்னுடையதில் பாதி.

ஏப்ரல் 20, சனி

எல்லாம் வெள்ளை. இருபத்தோரு மேசையும். நீந்திப் போனால் கீழே உப்பு வயல் மாதிரி இருக்கிறது.

மேசை ஆறும்தான். பன்னிரண்டு குட்டியும். அதைப் பார்த்தபோது எனக்குள் ஒரு மூலையில்... எழுதக் கை கூசுகிறது... ஒரு சின்ன நிம்மதி. ரெண்டு மூச்சு நேரம்தான் இருக்கும். பிறகு முகமூடிக்குள்ளேயே அழுதேன்.

கரைக்கு வந்தால், பெண்கள் எல்லாரும் செருனியைச் சுற்றி உட்கார்ந்து முதுகைத் தடவுகிறார்கள். எனக்கும்தானே எல்லாம் செத்துப்போச்சு! என் முதுகைத் தடவ ஒருத்தி இல்லை. இந்த லட்சணத்தில் அதற்கும் பொறாமை. நான் என்ன ஜென்மமோ.

மே 6

ஹாம்பர்க்காரர் எழுதியிருக்கிறார். பொன்முனை ஒரு துண்டாவது இருந்தால் காத்திருப்பாராம், இல்லையென்றால் வேறு தீவில் பார்த்துக்கொள்வாராம். முதானா அண்ணன் சங்கத்தில் படித்துக் காட்டினார். "வேற யார்கிட்டயாவது அந்த வம்சம் இருக்கா? மறைச்சு வச்சிருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இவர் என்னைப் பார்த்தார்.

மே 19, ஞாயிறு

டென்பசார் நகரத்திலிருந்து ஒரு தரகன் வந்தான். வெள்ளைச் சட்டை, வாயில் கிராம்புச் சிகரெட். நேராக என் வீட்டுக்குத்தான்.

"பாறையில இன்னும் உயிரோட இருக்கறது இருக்கு அக்கா. ஆழத்துல. உங்க ஆளுங்க உடைச்சுக் கொண்டு வரட்டும். செத்ததோட எண்சீட்டு எல்லாம் உங்க கையிலதானே இருக்கு? அதைக் கட்டி அனுப்பினா மேசைப் பவளம். யாருக்கு என்ன தெரியப்போகுது?"

"அடியைப் பார்த்தா தெரியும்."

"அதையெல்லாம் யார் திருப்பிப் பார்க்கறா?"

நான் பார்த்தேனே. இருபத்தேழு!

"போய்ட்டு அப்புறம் வாங்க" என்றேன். முடியாது என்று சொல்லவில்லை. நானூறு சீட்டுக்குமேல் டப்பாவில் கிடக்கிறது. அடுப்பில் போட்டிருக்கவேண்டும். போடவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

இவர் ஐந்து மாதத்துக்குப் பிறகு என்னை எதிரில் உட்காரவைத்துப் பேசினார்.

"அந்தத் தரகன்கிட்ட நாலு வீட்டுக்காரங்க சரின்னுட்டாங்க. நாளான்னிக்கு உளியோட இறங்கறாங்க. நம்ம சரிவுலதான். என்னையும் வரச்சொன்னாங்க. அந்த நாலுல சுவார்த்தாவும் ஒருத்தன்."

"சுவார்த்தாவா? செருனி விட்டாளா?"

"அவளுக்குத் தெரியாது. பொண்டாட்டி மேசை காலியா கிடக்கறதைப் பார்க்க முடியல அவனுக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் நேத்து இறங்கிப் பார்த்தேன் ராஸ்தி. அது உயிரோட இருக்கு."

"எது?"

"எதுன்னு தெரியாதா உனக்கு? அங்க சூடு எட்டல. ஒரு சாண் வளர்ந்திருக்கு. ஆனா வெளிச்சம் இல்லாம நிறம் போச்சு. மறுபடி பழுப்பு. பார்க்கறவனுக்குச் சாதாரணச் சாணிப் பவளம். உளியை வச்சா முதல் அடியிலேயே அதையும் பெயர்த்துடுவானுங்க. அவ புருஷனே பெயர்ப்பான். என்னன்னே தெரியாம."

ஊதா எலும்பு இருக்கிற அலமாரியைப் பார்த்தேன்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீங்க சொன்னா நான் உயிரோட இருக்கமாட்டேன்."

"அப்போ நீயே சொல்லு."

அவர் வாயால் வந்தால் அது அவர் நல்லவர் என்கிற கதை. செருனிக்காக அவர் வாதாடின கதை. அதை எவள் தாங்குவாள்?

ஜூன் 3, திங்கள்

ஊர் மண்டபம். எல்லாரும் இருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன், நழுவிவிடும்போல இருந்தது.

"மேசை ஆறு, எண் நாற்பத்தொன்று சாகல. நான்தான் பொய்யா எழுதினேன். சீட்டை நறுக்கி ஆழத்துல வைக்கச் சொன்னேன். பொறாமைல."

கடைசி வார்த்தையைச் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. தானாக வந்துவிட்டது.

சுவார்த்தா எழுந்தான், உட்கார்ந்தான். யாரோ ஒருத்தி "அடிப்பாவி" என்றாள். முதானா அண்ணன் கையை நீட்டினார். பதிவேட்டைக் கொடுத்தேன். அவர் அதைத் திறக்காமல் அப்படியே செருனி மடியில் வைத்தார்.

செருனி என்னைப் பார்க்கவேயில்லை. எல்லாரையும் பார்த்து, "நாளைக்கு யாரும் உளியை எடுத்துட்டு இறங்கக்கூடாது" என்றாள். "எங்க வீட்டு ஆள் இறங்கினா முதல்ல நானே அதிகாரிக்குப் போன் பண்ணுவேன்." சுவார்த்தா தலையைக் குனிந்துகொண்டான். மற்ற மூன்று பேரும்தான்.

பின்பக்கம் அதற்குள்ளேயே போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஐயோ. நவம்பர், டிசம்பர், ஜனவரி, எல்லாம். இதைச் சாமி நாள்காட்டியின் பின்னால் எழுதுகிறேன்.

ஜூன் 4

எண்சீட்டு டப்பாவை அடுப்பில் கொட்டினேன். பிளாஸ்டிக் நாற்றம் வளவு முழுக்க. யாரும் வந்து கேட்கவில்லை. என் வீட்டுப் பக்கம் யாருமே வருவதில்லை.

ஜூலை 2, செவ்வாய்

அதிகாரி வந்தார், ஹண்டயானி அம்மா. ஜாவாக்காரி, அவரே இறங்கி முழுகுகிற ஆள். என்னை எதிரில் உட்காரவைத்தார்.

"பதிவேட்டுல செத்ததை நான் எப்படி உயிரோட எழுதறது?"

"நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன் அம்மா. பொய்னு."

"போட்டா இனி எந்தச் சங்கத்துலயும் பதிவேட்டைத் தொட முடியாது. தெரியுமா?"

"தெரியும்."

போட்டேன்.

பிறகு அவரும் இவரும் செருனியும் முழுகினார்கள். நான் படகில். செருனி எட்டு ஆள் ஆழத்துக்குக் காற்றுக்குழாய் கட்டி இறங்கியது இதுதான் முதல் தடவை, ஆனாலும் இவருக்கு முன்னால் போய்விட்டாள். ஏறி வந்ததும் ஹண்டயானி அம்மா முகமூடியைக் கழற்றிவிட்டு, "அடியில கட்டைவிரல் ரேகை" என்றார். "கொஞ்சம்தான் தெரியுது, மீதியைப் பவளம் மூடிடுச்சு."

சுவார்த்தா உடனே, "அப்போ எங்களோடதுதானே? எடுத்துக்கலாமில்ல?" என்றான்.

"இல்ல. திருப்பி வச்சது கடலோடது. யார் வச்சாங்க, எந்தக் கோபத்துல வச்சாங்கன்னு சட்டம் கேட்காது. எடுத்தா திருட்டு."

"எங்க வீட்டுப் பொருளை எங்களை ஏமாத்தி வச்சுட்டு..."

"அதை உங்க வீட்டுக்குள்ள பேசிக்குங்க." தலைமுடியைப் பிழிந்துகொண்டார். "தாய்ப்பவள அனுமதிக்கு எழுதுங்க. கிடைச்சா ஒரு கிளை வெட்டலாம். ஒண்ணே ஒண்ணு. மீதி அங்கேயே இருக்கட்டும். இந்தச் சூட்டுல பிழைச்சதை எடுத்துட்டா, அடுத்த சூட்டுக்கு யாரைக் கேட்பீங்க?"

செருனி தலையாட்டினாள். பிறகு படகு திரும்புகிற வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். வாயோரத்தில் ஒரு சிரிப்பு. அவ்வளவு ஆழம் எனக்கு முழுக முடியாது, காது தாங்காது. அவள் பார்த்ததை நான் பார்க்கவில்லை. அதிலும் ஒரு வயிற்றெரிச்சல் எனக்கு, இந்த நிலைமையிலும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஓலை மடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை. கையில் ஒரு கட்டுத் தாள். பின்பக்கங்கள். பிளேடால் வெட்டியிருக்கிறாள், ஒரு பிசிறு இல்லை. நான் வெட்டியிருந்தால் கிழிந்திருக்கும்.

"இது உங்களோடது. எனக்கு முன்பக்கம் போதும்."

"படிச்சியா?"

"எல்லாம்."

ஓலை கையில் மடங்க மறுத்தது.

"நவம்பர் இருபத்தேழு நல்லாருந்துச்சு," என்றாள். "என் ஓலைத்தட்டைப் பத்தி இந்த வீட்டுல யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீங்க குடுத்த எலும்பு ஊதாவோடதுன்னு அன்னைக்கே தெரியும் அக்கா. கிளை விரியற விதமே வேற. ஏன் அப்படிப் பண்ணீங்கன்னுதான் தெரியல. அஞ்சு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டேன். நான் என்ன தப்புப் பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சு..."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே!"

"பதிவேடு உங்க கையில இருந்துச்சு. நீங்க மூத்தவங்க. என் பேச்சு எடுபடுமா?" எழுந்துகொண்டாள். "கைராசின்னு சும்மா சொல்வேன். ராசியெல்லாம் ஒண்ணும் இல்ல. காலையில எல்லாருக்கும் முன்னாடி போய் ஒவ்வொண்ணா நத்தை பொறுக்குவேன். தினமும். நீங்க ஒரு நாள் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

எட்டு வருடம். பக்கத்து மேசை. ஒரு நாள் நான் கேட்டதில்லை. எண்ணி எண்ணி எழுதினேன்.

ஆகஸ்ட் 14, புதன்

அனுமதி வந்தது. ஒரு கிளை வெட்டினார்கள். ஹண்டயானி அம்மா அளந்து எழுதினார். கரையில் உப்புநீர்த் தொட்டியில் வைத்து, செருனி அதை ஐந்தாக நறுக்கினாள். அசிங்கமான பழுப்பு. வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள், "இதுக்கா இவ்வளவு கூத்து?" என்றார்கள்.

ஒன்று அவளுக்கு. ஒன்று முதானா அண்ணன் வீட்டுக்கு. ஒன்று மேசை இரண்டுக்கு, ஒன்று ஒன்பதுக்கு. ஒன்று மிச்சம் இருந்தது.

நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். போகத் திரும்பினேன்.

"ஐந்தாம் மேசை," என்று கூப்பிட்டாள். பதிவேட்டில் எழுதுகிறவள் குரல். பெயர் சொல்லவில்லை, அக்கா என்றும் சொல்லவில்லை. ஈரக் கையை நீட்டினாள், உள்ளங்கையில் சுண்டுவிரல் அளவு ஒரு துண்டு.

"சாணி நிறம்தான். வேணுமா, வேண்டாமா? எல்லாரும் கேட்கற மாதிரி சொல்லணும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காதெல்லாம் சுட்டது. இதற்குத்தான் கூட்டத்தில் வைத்துக் கேட்கிறாள். கேட்கட்டும்.

"வேணும்," என்றேன்.

"கேட்கல."

"வேணும் செருனி! வேணும்!"

எழுதிக்கொண்டாள். சிமென்ட் அடி நானே வார்த்தேன். ஈரத்தில் என் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

செப்டம்பர் 25, புதன், கலுங்கான்

காலையில் நத்தை பொறுக்கப் போனேன். அவள் ஏற்கெனவே தண்ணீரில் இருந்தாள். நாளை இன்னும் சீக்கிரம் எழவேண்டும்.

அக்டோபர் 9, புதன்

என்னுடையதில் முனை மஞ்சளாகிவிட்டது! அரிசி அளவு. கரைக்கு ஓடிவந்து அவளிடம் சொன்னேன். பதிவேட்டைத் திறந்து தேதி போட்டு எழுதிக்கொண்டாள், அழகான எழுத்து, என்னுடையதைவிட.

அவளுடையதில் நேற்றே வந்துவிட்டதாம்.